ஆறவிட்ட இஸ்திரிப்பெட்டி

கறுப்புக் கயிறு கட்டிய மூட்டை வந்து இறங்கிய மதியம், சலவைச்சாலையின் இஸ்திரி அறையில் இருந்தவர்கள் இவர்கள்:

மேஸ்திரியம்மா. அவள் சும்மா இருமினால்கூட அறையில் வேலை வேகம் பிடிக்கும்.

நெட்டச்சி. படுக்கை விரிப்புகளை மடிக்கிறவள். உத்தரத்தில் இடிக்காமல் குனிந்தே நடந்து, வீதியிலும் அப்படியே நடக்கப் பழகிப்போனவள்.

கொதிகலன் அண்ணன். உலைக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். சிரித்தால்தான் அவர் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும்.

மினுக்கி. பட்டும் லேஸும் தேய்க்கிறவள். இது அவளுடைய கதை.

மின்சாரம் வராத காலம் அது. இஸ்திரிப்பெட்டியின் வயிற்றில் கரி கனன்றது. தெருவில் குதிரை வண்டிகள் ஓடின. அந்த வருஷம் ஊரில் செங்காய்ச்சல் புகுந்திருந்தது. முதலில் தொண்டை கட்டும். அப்புறம் உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும். பெரியவர்களைப் பெரும்பாலும் உலுக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். குழந்தைகளை விடாது.

காய்ச்சல் கண்ட வீட்டுத் துணிக்குச் சலவைச்சாலையில் தனிச் சட்டம் இருந்தது. மூட்டையில் கறுப்புக் கயிறு கட்டி வரும். பருத்தித் துணியைத் தனி அண்டாவில் கொதிக்க வைத்து, பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத சூட்டில் தேய்க்க வேண்டும். பட்டும் கம்பளியும் கொதிநீர் தாங்காது. அவற்றை உலையில் போட்டுவிட வேண்டும். அதையும் கொதிகலன் அண்ணன்தான், தன் கையால், இடுக்கியில் எடுத்துப் போட வேண்டும். துணிக்குச் சொந்தக்காரர்களும் அதற்குச் சம்மதித்தே அனுப்புவார்கள். குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் யார் அங்கியைத் திருப்பிக் கேட்கப் போகிறார்கள்?

"மூக்கைக் கட்டுங்கடி," என்றாள் மேஸ்திரியம்மா.

"யாரு வீட்டுது?" நெட்டச்சி கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆத்தோரத்துப் பெரிய வீடு. ரெண்டு புள்ளைங்களும் போயிடுச்சாம். கை வேலை செய்யட்டும், வாய்க்கு லீவு குடு."

விரிப்புகள் வந்தன. தலையணை உறைகள் வந்தன. குழந்தைகளின் இரவுச் சட்டைகள் வந்தன. அவற்றை யாரும் விரித்துப் பார்க்கவில்லை. கடைசியாக அடியிலிருந்து ஒரு பட்டு அங்கி வந்தது. மயில் கழுத்து நிறம். கழுத்துப் பட்டையிலும் மார்பிலும் மெல்லிசாகப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. இறந்த குழந்தைகளின் தாய், கடைசிவரை அவர்களை மடியில் வைத்திருந்தபோது போட்டிருந்த அங்கி.

"ஏ மினுக்கி, மாப்பிள்ளை வந்துட்டான் பாரு," என்றாள் நெட்டச்சி. "முழுங்கிடாதடி கண்ணாலயே. அவன் இன்னும் கொஞ்ச நேரத்துல சாம்பல்."

எல்லாரும் சிரித்தார்கள். மினுக்கியும் சிரித்தாள். அவள் கண் மட்டும் துணியை விட்டு நகரவில்லை.

அந்தப் பெயரை அவளுக்கு வைத்ததே நெட்டச்சிதான். மினுக்கி, கிழிந்துபோன லேஸ் துண்டுகளைக் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கித் தன் கழுத்துப் பட்டையில் வைத்துத் தைப்பாள். மிஞ்சின கஞ்சியைத் தன் பழைய சாம்பல் நிற உடுப்புக்குப் போட்டு விறைப்பாக்குவாள். அவளிடம் இருந்தது அந்த ஒரு உடுப்புதான். காலையிலிருந்து சாயங்காலம்வரை மற்றவர்களின் பட்டைத் தடவித் தடவித் தேய்த்துவிட்டு, சாயங்காலம் அந்தச் சாம்பல் நிறத்துக்குள்ளேயே வீடு போவாள். அவளை ஒரேயடியாகக் குற்றம் சொல்ல முடியாது. நாள் முழுக்கச் சோறு பரிமாறுகிறவனுக்குப் பசிப்பது தப்பா?

இன்னொரு காரணமும் இருந்தது. கடைவீதியில் புதிதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வந்திருந்தது. அதன் திரைச்சீலைகளைத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுக்க மினுக்கியை ஒருமுறை அனுப்பினார்கள். அங்கே செதுக்கு வேலை செய்த நாற்காலி ஒன்று இருந்தது. ஊர்ப் பெரிய மனுஷிகள் எல்லாரும் அதில் உட்கார்ந்துதான் படம் எடுத்துக்கொண்டார்கள். போட்டோக்காரர் உள்ளே போயிருந்தபோது மினுக்கி அதில் உட்கார்ந்து பார்த்தாள். அவர் திரும்பி வந்தார். திட்டவில்லை. அவள் எழுந்ததும் ஒரு துணியை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். அவ்வளவுதான். கன்னத்தில் அறைந்திருந்தால் மறந்திருப்பாள். அந்தத் துடைப்பை அவளால் மறக்க முடியவில்லை. அதே நாற்காலியில், அதே ஆள் "உக்காருங்கம்மா" என்று சொல்ல, பட்டு உடுத்தி உட்கார வேண்டும். அவளுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அன்றைக்கு உலையில் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. கொதிகலன் அண்ணன் கரிக் குவியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மினுக்கி அங்கியை இடுக்கியில் தூக்கிக்கொண்டு போனாள்.

"அண்ணே, நீங்க கரியப் பாருங்க. இத நானே போட்டுடறேன்."

"போடும்மா. உன் கையால சாகறதுக்கு அது குடுத்து வச்சிருக்கணும்," என்றார் அவர், நிமிராமலே.

உலைக் கதவைத் திறந்தாள். அனல் முகத்தில் அறைந்தது. கதவை மூடினாள். திறந்து மூடிய சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. யாரும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பட்டு, அவளுடைய சாம்பல் நிற உடுப்புக்குள், இடுப்பைச் சுற்றி இருந்தது. வீட்டுக்கு நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அது உள்ளே சரசரத்தது. யாரோ காதோடு காதாக ஏதோ சொல்வதுபோல இருந்தது அவளுக்கு.

*

வீடு என்றால் ஒரே அறை. தொழிலாளர்கள் குடியிருந்த நீண்ட வரிசையில் ஒன்று. அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகள், மினுக்கி. மாமா கரிப் படகில் வேலை செய்தார். படகு எப்போது திரும்புகிறதோ அப்போது அவரும் திரும்புவார். அக்கா சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். பெரியவள் பெண். எல்லாரும் அவளைச் சிட்டு என்றார்கள். சின்னவன் கைக்குழந்தை.

அக்கா தைத்த சட்டைகளைக் கொடுக்க, சின்னவனையும் தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்த ஒரு பகல். மினுக்கி அங்கியை எடுத்து மேஜைமேல் விரித்தாள். சிட்டு ஓடி வந்து ஒட்டிக்கொண்டது.

"சித்தி, இது என்னது? மழமழன்னு இருக்கு?"

"தொடாத. தேச்சப்பறம் தொடலாம்."

அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. சூடு பட்டால் நோய் செத்துவிடும் என்பது சலவைச்சாலையில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே நன்றாகத் தேய்த்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டாள். அக்காவின் சின்ன இஸ்திரிப்பெட்டியில் கரியைப் போட்டு விசிறினாள். தண்ணீர்ச் சொட்டு பட்டதும் குதித்து ஓடும் அளவுக்குச் சூடு ஏறியது. அங்கியின் கழுத்துப் பட்டை ஓரத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

ஓரம் பழுத்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு மஞ்சள். கைதேர்ந்தவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மஞ்சள்.

வெடுக்கென்று பெட்டியை எடுத்துவிட்டாள். பட்டுக்குச் சூடு ஆகாது. தொழிலுக்கு வந்த முதல் வாரம் எந்தப் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. நோய்க்கு வேண்டிய சூடும் பட்டு தாங்குகிற சூடும் ஒன்றல்ல. அதுவும் அவளுக்குத் தெரியும். பெட்டியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதைக் கல்மேல் வைத்து ஆறவிட்டாள். நன்றாக ஆறினபின் எடுத்து, இதமான சூட்டில், சுருக்கம் மட்டும் போகிற மாதிரித் தேய்த்தாள். நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. பஞ்சு வைத்த இடம் பொசுபொசுவென்று அப்படியே இருந்தது.

துணி பிழைத்தது.

"அம்மாகிட்ட சொல்லக் கூடாது," என்றாள் சிட்டிடம். "சொன்னா மழமழ ஓடிப் போயிடும்."

"சொல்ல மாட்டேன்," என்றது சிட்டு. சொல்லவும் இல்லை. கடைசிவரை சொல்லவில்லை.

ஸ்டுடியோவுக்குச் சிட்டையும் கூட்டிக்கொண்டு போனாள். போட்டோக்காரர் கதவைத் திறந்தார். அவளை அடையாளம் தெரியவில்லை. அங்கியைப் பார்த்தார், குனிந்தார்.

"வாங்கம்மா. உக்காருங்கம்மா."

உட்கார்ந்தாள். அந்தச் சில நிமிஷங்கள் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை மறைத்து எழுதுவதில் அர்த்தம் இல்லை. முழு மனுஷியாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு ஒரு அங்கி தேவைப்பட்டது என்றால் வெட்கப்பட வேண்டியது அவள் மட்டுமல்ல, நாற்காலியைத் துடைத்தவனும்தான். ஆனால் தண்டனை வரும்போது அவன் வீட்டுக் கதவை அது தட்டவில்லை.

அந்தக் காலத்துக் கருவிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். சிட்டு, சித்தியின் மடியில், அந்தப் பஞ்சு வைத்த மார்பில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தது.

"பாப்பா, ஆடாதே."

சிட்டு ஆடியது. பட்டின்மேல் கன்னத்தை இப்படியும் அப்படியும் தேய்த்துக்கொண்டே இருந்தது.

*

அங்கி மினுக்கியின் தகரப் பெட்டிக்குள் போனது. அவள் வேலைக்குப் போனபின் சிட்டு பெட்டியைத் திறந்து, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கும். ஒருநாள் அதன் மேலேயே தூங்கிப்போயிருந்தது. மினுக்கிதான் பார்த்து, அக்கா வருவதற்குள் தூக்கிக் கிடத்தினாள்.

மினுக்கிக்குத் தொண்டை கரகரத்தது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். சரியாகிவிட்டது. அப்புறம் சிட்டுக்கு உடம்பு சுட்டது.

முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். பிறகு கழுத்தில் சிவப்பு ஏறியது. அக்கா எழுந்தாள். சின்னவனைத் தூக்கி, தெருக்கோடியில் இருந்த தோழி வீட்டில் விட்டுவிட்டு வந்து சிட்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மழமழ," என்றது சிட்டு. "மழமழ வேணும்."

"என்னடி கேக்குது புள்ள? மழமழன்னா என்ன?" அக்கா மினுக்கியைப் பார்த்துக் கேட்டாள். "பொம்மையா? எதாவது திங்கற சாமானா? சொல்லுடி, எங்க இருந்தாலும் வாங்கிட்டு வரேன்."

"தெரியலக்கா," என்றாள் மினுக்கி.

தகரப் பெட்டி கையெட்டும் தூரத்தில் இருந்தது.

சிட்டு போய்விட்டது. ஒரு பகல் வெளிச்சத்தில், வெளியே தெருவில் தள்ளுவண்டிக்காரன் கூவிக்கொண்டு போகும்போது.

சுகாதார அதிகாரிகள் வந்தார்கள். குழந்தையின் படுக்கையை எரித்தார்கள். அறைக்குள் கந்தகம் கொளுத்தி, கதவு ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டப்போவதாகச் சொன்னார்கள். கந்தகப் புகையில் எந்த நோயும் நிற்காது.

அந்தப் புகை பட்டின் நிறத்தையும் தின்றுவிடும். மினுக்கிக்கு அதுவும் தெரியும்.

அவர்கள் ஆட்களைக் கூட்டி வருவதற்குள் அவள் அங்கியை எடுத்து, முன்போலவே இடுப்பைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அறை வெள்ளையடிக்கப்பட்டது. வெள்ளையடிக்க வெளியே எடுத்த பெட்டி திரும்ப உள்ளே வந்தது. அங்கியும் பெட்டிக்குள் வந்தது.

அவளுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெரியும். தெரிந்ததைத் தன்னிடமே சொல்லிக்கொள்ளாமல் வைத்திருந்தாள். குழந்தை செத்த பிறகும் அதை எரிக்க அவளுக்கு மனசு வரவில்லை. காரணம் துக்கம் இல்லை. அது அழகாக இருந்தது. அவ்வளவுதான்.

*

அந்த வரிசையில் இன்னும் சில வீடுகளிலும் காய்ச்சல் கண்டது. சிட்டோடு விளையாடின பிள்ளைகள். ஒரு பையன் பிழைக்கவில்லை. நோய் எப்படி உள்ளே வந்தது என்று அதிகாரிகள் தேடிக்கொண்டு சலவைச்சாலைக்கும் வந்தார்கள்.

"ஆத்தோர வீட்டு மூட்டையில ஒரு பட்டு அங்கி இருந்ததா சொல்றாங்க. அத எரிச்சது யாரு?"

மேஸ்திரியம்மா கொதிகலன் அண்ணனைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எரிச்சாச்சுங்க."

"உன் கையாலயா?"

பொய் சொல்ல வராத மனுஷர். "இல்லீங்க. இந்தப் பொண்ணு போட்டுச்சு. நான் கரி வேலையா இருந்தேன். கதவு சத்தம் கேட்டேன்."

"கண்ணால பாத்தியா?"

"பாக்கல."

மினுக்கியைக் கேட்டார்கள். அவள் இஸ்திரிப்பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே, "போட்டேங்க," என்றாள்.

சட்டத்தை மீறினவர் அண்ணன்தான். தன் கையால் செய்ய வேண்டியதை இன்னொருத்தியிடம் விட்டிருந்தார். அன்றைக்கே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். போகும்போது மினுக்கியின் மேஜைப் பக்கம் வந்தார்.

"பாக்கலைன்னு சொன்னேனே தவிர, நீ போடலைன்னு சொல்லலம்மா. தப்பா எடுத்துக்காத. நீ போட்டேன்னா போட்டதுதான்."

அவளுக்கு அண்ணன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவர் வெளியே போனார். புதிதாக ஒரு ஆள் கரி அள்ள வந்தான்.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் ஆரம்பித்தது. சரசர. நல்ல பகலில், நீராவியும் பேச்சும் நிறைந்த அறையில், பருத்தி விரிப்பைத் தேய்க்கும்போதே காதருகில் பட்டு நகர்ந்தது. திரும்பிப் பார்ப்பாள். நெட்டச்சி மடித்துக்கொண்டிருப்பாள்.

"என்னடி, பேய் அடிச்ச மாதிரி முழிக்கற?"

"ஏதோ சத்தம் கேட்டுச்சு."

"வயித்துல பசி. வேறென்ன சத்தம் நமக்கு?"

தெருவில் நடக்கும்போது கேட்டது. தண்ணீர்க் குழாயடியில் கேட்டது. அக்கா பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தால் இன்னும் நன்றாகக் கேட்டது. அவள் மெலிந்தாள். லேஸ் துண்டுகளைப் பொறுக்குவதை விட்டாள். எவளாவது பட்டுத் துணியைக் கொண்டுவந்து மேஜையில் போட்டால் தொடாமல் தள்ளி வைத்தாள். மேஸ்திரியம்மா அவளைப் பட்டு மேஜையிலிருந்து எடுத்து, சாக்குத் துணி அலசுகிற தொட்டிக்கு மாற்றினாள். சாக்கும் சரசரத்தது.

ஒருநாள் போட்டோக்காரரின் ஆள் படத்தைக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். அக்காதான் வாங்கினாள். மினுக்கி வரும்போது அவள் ஜன்னலடியில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படத்தில் அங்கி இருந்தது. ஒவ்வொரு மடிப்பும், ஒவ்வொரு தையலும், பஞ்சு வைத்த இடத்தின் மேடு பள்ளமும் எண்ணி எடுக்கலாம்போலத் தெளிவாக இருந்தது. மினுக்கியின் முகமும் தெளிவாக இருந்தது. மடியில் இருந்த குழந்தைக்கு மட்டும் முகம் இல்லை. ஆடிக்கொண்டே இருந்ததால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கலங்கல். புகை மாதிரி.

"என் புள்ளைக்கு எடுத்த ஒரே படம்," என்றாள் அக்கா. "மூஞ்சியே இல்லடி."

மினுக்கி வாசற்படியிலேயே நின்றாள்.

"யாரு துணி இது?"

"ஸ்டுடியோவுல குடுக்கறதுதான்க்கா. படம் எடுக்க வர்றவங்களுக்கு."

"ம்," என்றாள் அக்கா. "துணி நல்லா விழுந்திருக்கு."

*

சின்னவன் வீடு திரும்பியிருந்தான். தோழி வீட்டில் அவனுக்குக் கொடுத்த சட்டைகளை வைக்க இடம் தேடியபோது, ஒரு பிற்பகல், அக்கா தகரப் பெட்டியைத் திறந்தாள்.

மினுக்கி வேலையிலிருந்து வந்தபோது அறையில் அந்தச் சத்தம் கேட்டது. எப்போதும் கேட்கிறதுதானே என்று உள்ளே வந்தாள். இந்த முறை சத்தம் உண்மையாக இருந்தது. அக்காவின் மடியில் மயில் கழுத்து நிறம் பரவிக் கிடந்தது. கையில் ஊசி. பக்கத்தில் கத்தரிக்கோல். மார்புப் பக்கம் வெட்டப்பட்டிருந்தது.

"வாடி பொய்க்காரி," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "ஸ்டுடியோ துணியாம். சலவைச்சாலையில சுட்டதுதானே? இரு, நான் ஒண்ணும் திட்டப் போறதில்ல. திட்ட எனக்குத் தெம்பும் இல்ல. படத்துல பாத்தேன், என் புள்ள இது மேலதான் கன்னத்த வச்சிருந்தா. மழமழன்னு கேட்டாளே, இதானேடி? இப்பதான் எனக்கு வெளங்குச்சு. அதான் சின்னவனுக்கு ஒரு தொப்பி தைக்கறேன். அக்கா தொட்ட துணி தம்பி தலையில இருக்கட்டும். பஞ்சும் இருக்கு, குளிருக்கு நல்லாருக்கும்."

தொப்பி முடிந்துவிட்டிருந்தது. அக்கா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். தரையில் கிடந்த சின்னவனைத் தூக்கி மடியில் வைத்தாள். "வாடா ராஜா, அளவு பாக்கலாம்."

அவன் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான்.

இப்போதும் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். அந்த எண்ணம் அவளுக்கு வந்தது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. சொன்னால் அக்கா போய்விடுவாள், வேலை போய்விடும், ஜெயில்கூட வரலாம். இத்தனையும் தொப்பி குழந்தையின் தலைக்கு நெருங்கி வருகிற அந்த நேரத்துக்குள் அவள் மனதில் ஓடியது.

"போடாதக்கா!"

பாய்ந்து தொப்பியைப் பிடுங்கி அடுப்புக்குள் எறிந்தாள். பட்டு எரிந்தால் முடி கருகுகிற நாற்றம் வரும். அறை முழுக்க அந்த நாற்றம் ஏறியது. சின்னவன் வீறிட்டான். அக்கா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தாள்.

"என்னைத் தொடாத. மொதல்ல கையக் கழுவு. அவன் கையையும் கழுவு. வாயையும் கழுவு, நூலக் கடிச்சியே." மினுக்கி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அது காய்ச்சல் வீட்டுத் துணி. கறுப்புக் கயிறு கட்டி வந்துச்சு. எரிக்கச் சொன்னாங்க. நான் எரிக்கல."

ஓங்கின கை அப்படியே நின்றது.

அக்காவும் இஸ்திரி போடத் தெரிந்தவள்தான். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"சூடா தேச்சியா?"

"இல்ல."

"ஏன்?"

"பழுத்துடுச்சு. நிறம் போயிடும்னு ஆறவிட்டேன்."

அக்கா மெல்ல உட்கார்ந்தாள். உடனே ஏதோ ஞாபகம் வந்தவள்போல எழுந்து, சின்னவனைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போய், காரச் சோப்பால் அவன் கையையும் தன் கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வாயைக் கொப்பளித்தாள். குழந்தையின் சட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டாள். துளி கண்ணீர் வரவில்லை. பேசத் தொடங்கியபோதும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினாள்.

"கந்தகம் கொளுத்தினாங்களே, அப்ப எங்க இருந்துச்சு அது?"

"என் இடுப்புல. புகை பட்டா வெளுத்துடும்னு."

"அந்தக் கரி அள்ற மனுஷர் வேலை போச்சே, அது?"

"என்னாலதான்."

அக்கா திரும்பினாள்.

"நல்ல துணி மேல ஆசை வர்றது பாவம் இல்லடி. எனக்கும் வரும். எவளுக்குத்தான் வராது? ஆனா ஆசைன்னு ஒண்ணு வந்தா, அடுத்தவங்க உசுரு எங்க இருக்குன்னு பாத்து அங்க நின்னுடணும். நீ நிக்கல. திருடினப்ப நின்னிருக்கலாம். பெட்டி சூடா உன் கையில இருந்துச்சே, அப்ப நின்னிருக்கலாம். என் புள்ள செத்தப்பறமாவது நின்னிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் துணியா உசுரான்னு கேள்வி வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நீ துணின்னு சொன்ன. மினுக்கு வேணும்னு உண்மைய மறைக்கறவ, அதுக்கு வெலைய தன் கையிலேருந்து குடுக்கறதே இல்ல. வீட்ல இருக்கற சின்னது எதுவோ, அத எடுத்துக் குடுத்துடறா."

மினுக்கி தலையை ஆட்டினாள். மறுக்க எதுவும் இல்லை. வெகுநாளாகக் காதில் இருந்த சத்தம் நின்றுபோயிருந்தது. அவளுக்கு அது நிம்மதியாக இல்லை. அந்த அமைதியில் அக்கா மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"நீ அவனைத் தூக்கிட்டு வெளிய போயிடுக்கா," என்றாள். "மிச்சத் துணிய நீ தொடாத. நானும் இங்கயே இருக்கேன். என் மேலயும் ஒட்டியிருக்கும். அதிகாரிகளைக் கூட்டிட்டு வா. எல்லாத்தையும் நானே சொல்றேன். அண்ணன் மேல தப்பு இல்லைன்னும் சொல்றேன்."

"ஓடிட மாட்டியே?"

"பூட்டிக்கோ."

அக்கா ஒரு சுத்தமான துணியில் குழந்தையைச் சுற்றினாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். அக்கா குழந்தையின் முகத்தைத் தன் தோளில் புதைத்து மறைத்துக்கொண்டு வெளியே இறங்கினாள். அவள் பின்னால் கதவு சாத்தப்பட்டது. பூட்டில் சாவி திரும்பியது.